சங்கத்தின் அறிவேடு: எளிய விக்கி மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நமது சங்கங்களின் இருப்புப் பதிவேட்டைப் புரட்டினால், நூல் சிப்பம் முதல் மேஜை நாற்காலி வரை யாவும் எண்ணிக்கையுடன் எழுதப்பட்டிருக்கக் காணலாம். ஆண்டு முடிவில் அவற்றை எண்ணிப் பார்த்து, சரியென்று கையொப்பமிடுகிறோம். ஆனால், எந்தப் பதிவேட்டிலும் இடம் பெறாத சொத்து ஒன்று ஒவ்வொரு சங்கத்திலும் உண்டு. அங்கத்தினர்களும் ஊழியர்களும் பல்லாண்டுகள் உழைத்துத் தேடிய தொழிலறிவே அச்சொத்து. அது குறைந்தாலும், அடியோடு மறைந்தாலும், எந்த ஆய்வு அறிக்கையிலும் நஷ்டமாகக் காட்டப்படுவதில்லை.

ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். நாம் ஆய்வுக்குச் சென்றிருந்த நெசவாளர் சங்கம் ஒன்றில், நெடுங்காலம் சாயப் பட்டறையைக் கவனித்து வந்த பெரியவர் காலமாகியிருந்தார். அச்சங்கத்துச் சேலையின் அரக்குக் கரைக்குத் தனி மதிப்பு இருந்தது. அவர் குடும்பத்தார் அவருடைய குறிப்பு நோட்டை மனமுவந்து சங்கத்திடம் ஒப்படைத்தனர். நோட்டைத் திறந்து பார்த்தால், “ஹைட்ரோஸ் ஒரு கைப்பிடி”, “சின்ன டம்ளர் அளவு” என்றே எழுதியிருந்தது. அந்தக் கையும் இல்லை. அந்த டம்ளர் எதுவென்று அறிந்தவரும் இல்லை. புதிதாகத் தோய்த்த நூல் பழைய கரையுடன் ஒத்து வரவில்லை. துணி திரும்பி வந்தது. தறிகள் பாவுக்குக் காத்து நின்றன. இழந்தது ஒரு நோட்டன்று, பல குடும்பங்களின் கூலி.

இத்தகைய அறிவைச் சேர்த்து வைக்கவும், பலரும் கூடித் திருத்தவும் இன்று ஒரு சாதனம் இருக்கிறது. அதற்கு விக்கி என்று பெயர். பல வகை விக்கி மென்பொருள்களுள் நமது சங்கத்திற்கு ஏற்றதை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே இம்மாதப் பாடம்.

விக்கி என்பது யாது?

அமெரிக்க நாட்டுக் கணினி அறிஞர் வார்டு கன்னிங்ஹாம் என்பவர் 1995ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் முதல் விக்கியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். “விக்கி” என்பது ஹவாய்த் தீவு மொழியில் “விரைவு” என்று பொருள்படும் சொல். ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய பஸ்ஸின் பெயரை நினைவில் வைத்து அவர் இப்பெயரைச் சூட்டினார். 2001ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் தொடங்கப்பெற்ற விக்கிப்பீடியா இம்முறையை உலகறியச் செய்தது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தோன்றியது.

விக்கியின் இயல்பு எளிது. ஒவ்வொரு பக்கத்திலும் “திருத்து” என்னும் பொத்தான் உண்டு. அனுமதி பெற்றவர் அதனை அழுத்தி எழுதலாம், திருத்தலாம். முன்பிருந்த வடிவம் அழிவதில்லை. யார், எந்த நாளில், எந்த வரியை மாற்றினார் என்பது பதிவாகிறது.

இது கூட்டுறவாளருக்குப் புதிய செய்தி அன்று. கணக்கில் பிழை நேர்ந்தால் சுரண்டி அழிக்கலாகாது. கீழே உள்ள தொகை தெரியும்படி ஒரு கோடு கிழித்து, மேலே சரியான தொகையை எழுதிச் சுருக்கொப்பமிட வேண்டும் என்று நமது எழுத்தர்களுக்குச் சொல்லி வருகிறோம் அல்லவா? விக்கி அந்த நெறியையே தானாகக் கடைப்பிடிக்கிறது.

பயிர் செய்வோருக்குப் பழக்கமான உதாரணம் ஒன்றைக் காண்போம். வேப்பங்கொட்டைச் சாறு 5 விழுக்காடு தயாரிக்க, 5 கிலோ பருப்பை இடித்து, 10 லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊற வைத்து, வடிகட்டி, மேலும் நீர் சேர்த்து 100 லிட்டராக்கித் தெளிக்க வேண்டும். ஓர் அங்கத்தினர் இதனை எழுதுகையில் கடைசி வாக்கியத்தை விட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். படிப்பவர் 10 லிட்டரோடு நிறுத்திக்கொண்டால் சாறு பத்து மடங்கு கடுமையாகிவிடும். அடுத்து வந்து படிக்கும் அனுபவசாலி அந்த வாக்கியத்தைச் சேர்க்கிறார். பிழையும் தெரிகிறது, திருத்தமும் தெரிகிறது, திருத்தியவர் பெயரும் தெரிகிறது. அச்சிட்ட துண்டுப் பிரசுரத்தில் இது இயலுமா?

நாம் செய்த பிழை

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருமுன், நாமே செய்த தவறு ஒன்றை ஒளிக்காமல் கூறுதல் கடமை. சில ஆண்டுகளுக்கு முன் பயிரிடுவோர் சங்கம் ஒன்று நம் யோசனையைக் கேட்டது. பெரிய நிறுவனங்கள் உபயோகிப்பதே சிறந்ததாக இருக்கும் என்றெண்ணி, தரவுத்தளத்தைச் சார்ந்து இயங்கும் பெரிய மென்பொருள் ஒன்றைப் பரிந்துரைத்தோம். அங்கத்தினர் ஒருவரின் மகன் அதனை நன்றாகவே நிறுவிக் கொடுத்தார். ஓராண்டு முழுதும் அங்கத்தினர்கள் விதை, உரம், பூச்சி, சந்தை பற்றிய தம் அனுபவங்களை எழுதி வந்தனர். பின்னர் அவ்விளைஞர் வேலை கிடைத்து வெளியூர் சென்றார். அதன்பின் கணினியின் வட்டு பழுதடைந்தது.

எழுத்தர் பொறுப்புள்ளவர். மென்பொருள் இருந்த கோப்புறையை மாதந்தோறும் பென் டிரைவில் நகலெடுத்து வைத்திருந்தார். ஆனால், திறந்து பார்த்தபோது அதில் மென்பொருள் இருந்தது, படங்கள் இருந்தன, எழுத்து ஒரு வரியும் இல்லை. எழுத்தெல்லாம் வேறிடத்தில், தரவுத்தளத்தினுள் இருந்தது. அதனைத் தனியே நகலெடுக்க வேண்டும் என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர் நாமே. ஓராண்டு உழைப்பு போயிற்று. குற்றம் மென்பொருளுடையதன்று, “எழுத்து எங்கே இருக்கிறது?” என்னும் முதற் கேள்வியைக் கேளாமல் பரிந்துரைத்த நம்முடையதே.

ஆகவே, இப்பாடத்தின் சாரம் இதுதான்: எல்லா வசதிகளும் நிறைந்த மென்பொருளைத் தேட வேண்டாம். அதை நிறுவியவர் சென்ற பிறகும், எழுத்தர் ஒருவரே நகலெடுத்து, வேறொரு கணினியில் வைத்து, மறுபடியும் படிக்கத்தக்க மென்பொருளைத் தேடுங்கள்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. எழுதியவை எந்த வடிவில், எங்கே சேமிக்கப்படுகின்றன? சாதாரண எழுத்துக் கோப்புகளாகவா, தரவுத்தளத்திலா?

2. நகலெடுக்கும் வழி யாது? கோப்புறையைப் பிரதி செய்தால் போதுமா, வேறு கட்டளைகள் வேண்டுமா?

3. இருவர் ஒரே சமயத்தில் ஒரே பக்கத்தைத் திருத்த முற்பட்டால் என்ன ஆகும்?

4. எவர் படிக்கலாம், எவர் திருத்தலாம் என்பதைப் பகுதி வாரியாக வரையறுக்க இயலுமா?

5. நாளை அம்மென்பொருளே இல்லாது போயினும் நம் எழுத்தைப் படிக்க முடியுமா?

நான்கு மென்பொருள்கள்

இக்கேள்விகளைக் கொண்டு, விலையின்றிக் கிடைக்கும் நான்கு மென்பொருள்களை எடை போட்டுப் பார்ப்போம்.

மீடியாவிக்கி: விக்கிப்பீடியாவை இயக்குவது இதுவே. அதற்கென 2002இல் உருவாகி, பின்னர் இப்பெயர் பெற்றது. மிகுந்த ஆற்றலுடையது. எழுத்து தரவுத்தளத்தில் இருக்கிறது. புதிய பதிப்புக்கு மாறும்போது தரவுத்தளத்தையும் அதற்கேற்பச் சீர் செய்ய வேண்டும். யாவரும் படிக்கும் திறந்த களஞ்சியத்திற்கென அமைந்ததாகையால், சில பக்கங்களைச் சிலருக்கு மட்டும் காட்டும் ஏற்பாடு அதன் இயல்புக்கு ஒத்ததன்று. தேர்ந்த கணினி ஊழியரை நிரந்தரமாக வைத்திருக்கும் பெரிய இணையங்களுக்கு ஏற்றது.

புக்ஸ்டாக்: 2015இல் வெளிவந்தது. அலமாரி, புத்தகம், அத்தியாயம், பக்கம் என்று நூலகம் போலப் பகுக்கப்பட்டது. குறிகளைக் கற்காமல், கடிதம் தட்டச்சிடுவது போலவே எழுதலாம். முதல் நாளிலேயே அங்கத்தினருக்குப் பிடித்துப் போகும். ஆயினும் இதற்கும் தரவுத்தளம் தேவை. நகலெடுக்கையில் தரவுத்தளத்தையும், படங்கள் உள்ள கோப்புறைகளையும் தனித்தனியே எடுக்க வேண்டும்.

டிட்லிவிக்கி: பிரிட்டனைச் சேர்ந்த ஜெரமி ரஸ்டன் 2004இல் வெளியிட்டார். விக்கி முழுவதும் ஒரே கோப்பில் அடங்கும். அக்கோப்பைப் பிரதி செய்தால் வேலை முடிந்தது. ஒருவர் தம் சொந்தக் குறிப்புகளை வைத்துக்கொள்ள இதற்கு நிகரில்லை. ஆனால், ஒரே கோப்பை இருவர் திறந்து எழுதினால், பின்னர் சேமிப்பவரின் எழுத்து முன்னவர் எழுத்தை விழுங்கிவிடும். பலர் கூடி எழுத வேண்டிய சங்கத்திற்கு இது குறையே.

டோக்குவிக்கி: ஜெர்மனியைச் சேர்ந்த ஆந்திரியாஸ் கோர் 2004இல் தொடங்கியது. தரவுத்தளம் வேண்டுவதில்லை. பி.எச்.பி. என்னும் நிரல்மொழியும் ஒரு வலைச் சேவை மென்பொருளும் போதும். ஒவ்வொரு பக்கமும் ஒவ்வோர் எழுத்துக் கோப்பு. பழைய வடிவங்கள் சுருக்கப்பட்டுத் தனிக் கோப்புறையில் சேர்கின்றன. ஒருவர் ஒரு பக்கத்தைத் திருத்தும்போது, சாதாரண அமைப்பில் 15 நிமிடம் வரை அது மற்றவருக்குப் பூட்டப்பட்டிருக்கும். அவர் தொடர்ந்து எழுதினால் பூட்டும் நீடிக்கும். படித்தல், திருத்தல், புதுப்பக்கம் படைத்தல், படம் ஏற்றல், நீக்கல் ஆகிய உரிமைகளைப் பகுதி வாரியாகவும் குழு வாரியாகவும் வழங்கலாம்.

குறைகளும் உண்டு. தலைப்புக்குச் சமக்குறி, தடித்த எழுத்துக்கு இரட்டை நட்சத்திரம் என்று சில குறிகளைக் கற்க வேண்டும். அட்டவணை போடுவது முதலில் சற்றுத் தொல்லையாகவே தோன்றும். பொத்தான்களில் சில ஆங்கிலத்தில் தோன்றக்கூடும். எனினும், நமது ஐந்து கேள்விகளுக்கும் திருப்தியான விடை தருவது இதுவே. டோக்குவிக்கி நாளை நின்றுவிட்டாலும், அதன் கோப்புகளை எந்தக் கணினியிலும், எந்த எழுத்துச் செயலியிலும் திறந்து படிக்கலாம். எனவே, சிறிய, நடுத்தரச் சங்கங்களுக்கு நாம் இதனையே சிபாரிசு செய்கிறோம்.

எங்கே நிறுவுவது?

சங்கத்தின் சொந்தக் கணினியில் நிறுவுவது ஒரு வழி. பெரிய இயந்திரம் தேவையில்லை. அலுவலகத்தில் ஒதுக்கி வைத்த பழைய கணினியோ, உள்ளங்கையளவான ராஸ்பெரி பை கணினியோ போதும். அலுவலக வைஃபையில் இணைந்த கைபேசிகளிலிருந்து அங்கத்தினர் படிக்கலாம். நூல் வாங்கவோ கூலி பெறவோ வரும்போது படிப்பதற்கு இது போதுமானது.

வீட்டிலிருந்தும் வயலிலிருந்தும் படிக்க வேண்டுமாயின், இணையத்தில் இடம் வாடகைக்கு எடுக்கலாம். அப்போது எச்சரிக்கைகள் சில தேவை. எவரும் தாமே பெயர் பதிந்துகொள்ளும் வசதியை மூடிவிட வேண்டும். புதிய பதிப்பு வெளிவந்ததும் மாற்றிக்கொள்ள வேண்டும். மறையீட்டுடன் கூடிய இணைப்பே வேண்டும். கோப்புகள் உள்ள உட்புறத்தை வெளியார் நேரே திறக்க இயலாதபடி அடைத்திருக்கிறதா என்று நிறுவியவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

தொடக்கத்தில் முதல் வழியையே கைக்கொள்ளுங்கள். டோக்குவிக்கியில், விண்டோஸ் கணினியில் பென் டிரைவிலிருந்தே இயங்கும் வடிவமும் கிடைக்கிறது. நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அதனை இயக்கிக் காட்டி, பிறகு முடிவு செய்யலாம்.

தமிழுக்குரிய மூன்று குறிப்புகள்

முதலாவது, எழுத்துமுறை. யூனிகோடு முறையில் தட்டச்சிட்டவற்றையே விக்கியில் தேட இயலும். தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்திய பழைய எழுத்துருக்களில் உள்ள சுற்றறிக்கைகளை மாற்றியபின்னரே சேர்க்க வேண்டும். மாற்றாமல் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும்.

இரண்டாவது, பக்கப் பெயர். டோக்குவிக்கி சாதாரண அமைப்பில் தமிழ்ப் பெயரை நூற்றுவீதக் குறிகளாக மாற்றிக் கோப்புக்கு இடுகிறது. ஒரு குறிக்கு 9 இடம் செல்கிறது. “கு” என்பது ககரமும் உகரக் குறியுமாகச் சேர்ந்து 18 இடம் கொள்ளும். கோப்புப் பெயருக்கு வழக்கமான எல்லை 255. ஆகவே, 25 குறிகளுக்குள் பெயரை முடிப்பது நலம். “அரக்கு” என்று பெயரிட்டு, முழுத் தலைப்பைப் பக்கத்தின் மேலே எழுதுக.

மூன்றாவது, தேடுதல். “கூட்டம்” என்று தேடினால் “கூட்டத்தில்” என எழுதிய பக்கம் அகப்படாது போகலாம். “கூட்ட” என்று எழுதி அதன் பின்னே நட்சத்திரக் குறியிட்டுத் தேடினால் இரண்டும் கிடைக்கும்.

எதை எழுதுவது, எதை விடுவது?

சாயம், தறி, பயிர், சந்தை, விதிகள் என்று ஐந்து பகுதிகளோடு தொடங்கலாம். சாயப் பக்கத்தில் நூலின் நம்பர், எடை, சாயத்தின் பெயரும் எண்ணும், நூல் எடைக்கு எத்தனை விழுக்காடு, நீரின் அளவு, காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் எத்தனை கிராம், வெப்பநிலை, தோய்த்த நேரம், காற்றில் விரித்த நேரம் ஆகியவை இருக்க வேண்டும். கைப்பிடியால் அளப்பவர் உயிரோடிருக்கும்போதே அந்தக் கைப்பிடியைத் தராசில் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். தறிப் பக்கத்தில் பாவின் இழைக் கணக்கு, அச்சு, விழுதில் இழை கோத்த முறை, ஜக்கார்டு அட்டையின் வரிசை ஆகியவற்றைப் படத்துடன் இடலாம்.

சட்டப்படி வைக்க வேண்டிய நடவடிக்கைக் குறிப்பேடு, ரொக்கப் புத்தகம், அங்கத்தினர் பதிவேடு ஆகியவற்றுக்கு விக்கி மாற்றாகாது. அவை உரிய முறையில் தொடர வேண்டும். அங்கத்தினரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கடன் நிலுவை ஆகியவற்றை விக்கியில் ஒருபோதும் எழுதலாகாது. சங்கத்துக்கே உரிய தனி வடிவமைப்புகளை, படிக்கும் உரிமை வரையறுத்த பகுதியில் வைப்பது தகும்.

எழுதத் தெரியாத மூத்தவர்களை விட்டுவிடலாகாது. உண்மையில் எழுத வேண்டிய செய்தி பெரும்பாலும் அவர்களிடமே இருக்கிறது. அவர்கள் சொல்ல, படித்த இளைஞர் ஒருவர் எழுதி, அவர்கட்கே படித்துக் காட்டி, அவர்கள் பெயரையும் பக்கத்தின் அடியில் குறிக்க வேண்டும்.

நகலும் ஒத்திகையும்

விக்கி முழுவதையும் கொண்ட கோப்புறையை வாரந்தோறும் பிரதி செய்க. ஒரு நகல் அலுவலகத்தில் மற்றொரு வட்டிலும், ஒரு நகல் வேறு கட்டடத்திலும் இருக்கட்டும். தீயோ வெள்ளமோ வந்தால் ஒரே அறையில் உள்ள இரண்டு நகலும் ஒன்றாகவே போகும்.

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அந்நகலை வேறொரு கணினியில் வைத்து இயக்கி, ஏதேனும் ஐந்து பக்கங்களைத் திறந்து படித்துப் பார்க்க வேண்டும். ரொக்கத்தை எண்ணிப் பாராமல் இருப்பு சரியென்று கையொப்பமிடுவோமா? திறந்து பாராத நகலும் எண்ணிப் பாராத ரொக்கமும் ஒன்றே. இந்த ஒத்திகை நடந்த தேதியை நிர்வாகக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பில் பதிந்துவிடுங்கள். நகலெடுக்கும் முறையை ஒரு தாளில் எழுதி, கடவுச்சொல்லை உறையிலிட்டு முத்திரை வைத்து இரும்புப் பெட்டியில் வைப்பதும், இருவருக்கேனும் இவ்வேலையைப் பழக்குவதும் அவசியம்.

முற்கூறிய பயிரிடுவோர் சங்கம் இப்போது டோக்குவிக்கியில் மீண்டும் தொடங்கியிருக்கிறது. இழந்தவற்றுள் பலவற்றை நினைவிலிருந்து எழுதினர். சிலவற்றைச் சொல்ல வேண்டியவர்களே இல்லை. அச்சங்கத்துக்குச் செல்லும்போதெல்லாம், ரொக்கத்தைச் சரிபார்க்குமுன் விக்கியின் நகலைத் திறந்து காட்டுமாறு கேட்பதை நாம் வழக்கமாகக் கொண்டிருக்கிறோம். எழுத்தர் புன்னகையுடன் திறந்து காட்டுகிறார்.

படிப்பு வட்டத்தில் விவாதிப்பதற்கான கேள்விகள்

1. நமது சங்கத்தில் ஒருவர் மட்டுமே அறிந்த தொழில் நுணுக்கம் எவை? அவரிடம் கேட்டு எழுதப் போவது யார்?

2. நம் கணினியில் இப்போதுள்ள கோப்புகள் எங்கே இருக்கின்றன? அவற்றின் நகலைக் கடைசியாகத் திறந்து பார்த்தது எப்போது?

3. தரவுத்தளத்தைச் சார்ந்த மென்பொருளுக்கும் எழுத்துக் கோப்புகளைச் சார்ந்த மென்பொருளுக்கும் உள்ள வேறுபாடு யாது?

4. எப்பகுதிகளை எல்லா அங்கத்தினரும் திருத்தலாம்? எவற்றைச் சிலர் மட்டும் திருத்த வேண்டும்?

5. இப்பொறுப்பை ஏற்கும் இருவரை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் நியமிக்க இயலுமா?